டீ கொட்டியதாக ஒரு கடிதம்

ஒரகடத்துக்கும் வல்லம் வடகாலுக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சக்கரக் கம்பெனியின் வாசலில் ஒரு பச்சைப் பலகை உண்டு. மேலே 'விபத்தில்லா நாட்கள்' என்று எழுதி, கீழே எண்ணை மாட்டியிருப்பார்கள். அந்த வியாழக்கிழமை காலை, ஷிப்ட் பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் எல்லோரும் பலகையை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள். 999.

மறுநாள் ஆயிரம். ஆயிரத்துக்கு ஆளுக்கொரு வெட் கிரைண்டர் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. ஐந்நூறாவது நாளுக்குப் பிரியாணி போட்டபோது கான்ட்ராக்ட் ஆட்களின் பொட்டலத்தில் வெறும் முட்டைதான் இருந்தது. அந்தக் கதையைப் பெண்கள் இன்னும் விடவில்லை. இந்த முறை பெருக்குகிறவர்கள், சமையல்காரர்கள் வரைக்கும் உண்டு. நானூற்றுப் பன்னிரண்டு கிரைண்டர்கள் ஸ்டோருக்குப் பக்கத்து ஷெட்டில் வந்து இறங்கி, தார்ப்பாய்க்கு அடியில் இருந்தன. தார்ப்பாயைத் தூக்கி, கல்லைத் தட்டிப் பார்த்து, கலர் பிடித்திருக்கிறதா என்று தீர்ப்பும் சொல்லிவிட்டு வந்தவர்கள் பாதிப்பேர். போதாததற்கு, கார் கம்பெனிக்காரர்கள் பாதுகாப்பு ஆடிட்டுக்கு வருவதும் அதே மறுநாள்தான்.

முதலுதவி அறை நர்ஸ் சத்யப்பிரியாவும் கல்லைத் தட்டிப் பார்த்தவள்தான். பிள்ளைப்பாக்கத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். இந்தக் கம்பெனியில் மூன்றாவது வருடம். ஊசி போடுவது, கட்டுக் கட்டுவது இதெல்லாம் போக அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. கடிதம் எழுதுவது.

அது அந்தக் கம்பெனியின் பழக்கம். யாருக்காவது அடிபட்டால், ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்கு முன்னால் அடிபட்டவர் எழுதியதுபோல ஒரு கடிதம் தயாராக வேண்டும். 'நான் இன்று காலை வேலைக்கு வரும் வழியில் இருசக்கர வாகனத்திலிருந்து தவறி விழுந்துவிட்டேன். இதற்கும் கம்பெனிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.' சத்யப்பிரியாவின் கையெழுத்து பள்ளிக்கூடத்தில் நாலு கோட்டு நோட்டில் பழகியது. குண்டு குண்டாக, திருத்தமாக இருக்கும். அதனால் அவள் எழுதுவாள், அடிபட்டவர் கையெழுத்துப் போடுவார். இந்தத் தொள்ளாயிரத்துச் சொச்சம் நாட்களில் அப்படி ஏழு கடிதம் எழுதியிருந்தாள். விரல் நசுங்கியவர் வீட்டுக் கதவில் நசுங்கிக்கொண்டார். காலில் டிராலி ஏறியவர் படிக்கட்டில் விழுந்தார். ஏழு பேரும் நல்லபடியாகத் திரும்பி வந்துவிட்டார்கள் என்பதுதான் அவள் மனசுக்குச் சொல்லிவைத்திருந்த சமாதானம்.

அன்று பத்து நாற்பதுக்கு எட்டாவது ஆள் வந்தாள். நடந்தேதான் வந்தாள்.

கோவிந்தம்மா. ஹவுஸ்கீப்பிங் பெண்களில் மூத்தவள், நாற்பத்தெட்டு வயது, வல்லம் வடகால்காரி. முழங்கை பிடித்து அவளை அழைத்துவந்தவள் சூப்பர்வைசர் சுந்தராம்பாள்.

"ஒண்ணியும் இல்ல நர்சம்மா. டீ கொட்டிகினேன். இவதான் ஊரக் கூட்டி இஸ்த்துகினு வந்துட்டா."

"எங்க கொட்டிச்சி?"

"தொடையில. நல்லவேள, எங்கூட்டுக்காரு இப்பல்லாம் அந்தப் பக்கம் பாக்கறதில்ல, வுடு."

சுந்தராம்பாள் சிரிக்கவில்லை. சத்யப்பிரியா திரையை இழுத்துவிட்டு, நீலக் கோட்டைக் கழற்றச் சொல்லி, சேலையை ஒதுக்கிப் பார்த்தாள். துணி நனைந்து சில்லென்று இருந்தது. டீக்கறை இல்லை, சர்க்கரைப் பிசுக்கு இல்லை. மூக்கில் சுருக்கென்று ஏறுகிற ஒரு நெடி மட்டும் இருந்தது. வலது தொடையில் இரண்டு உள்ளங்கை அகலத்துக்குத் தோல் மாவு பூசினாற்போல வெளுத்திருந்தது.

"டீ சூடா இருந்துச்சா யக்கா?"

"டீ சூடா இல்லாம ஐசு மாதிரியா இருக்கும்?"

"துணி ஐசு மாதிரிதான் இருக்குது. உண்மைய சொல்லு."

கோவிந்தம்மா மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தாள். சுந்தராம்பாள்தான் வாயைத் திறந்தாள். "சக்கரம் கழுவுற லைன்ல சிஸ்டர். பக்கெட்ட நவுத்தி வெக்கசொல்ல தளும்பிடுச்சி. கழுவுன தண்ணிதான். தெனம் எங்க கையில படறதுதானே."

கழுவின தண்ணீர் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. சத்யப்பிரியா சேலையை மாற்றச் சொல்லி, கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிடம் காலைக் குழாயடியில் பிடிக்கச் சொன்னாள். வெந்த புண்ணுக்குப் போடுகிற வெள்ளைக் களிம்பைத் தடவினாள். "எரியுதா?" என்றாள். "சுணைச்சல் மாதிரி கீது" என்றாள் கோவிந்தம்மா.

அதற்குள் எச்.ஆர். அதிகாரி ரகுபதி வந்து கதவருகில் நின்றார். முப்பத்தாறு வயது. பகலில் இந்த வேலையைப் பார்த்துக்கொண்டே மாலைக் கல்லூரியில் சட்டம் படித்து முடித்தவர். குரலை உயர்த்திப் பேசத் தெரியாத மனுஷன் என்று பெயர்.

"சின்னதுதானே சிஸ்டர்?"

"சின்னதுதான் போல சார்."

"அப்ப கேன்டீன்ல டீ கொட்டினதா எழுதிடுங்க." அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "நாளைக்கு ஒரு நாள் தாண்டிட்டாப் போதும்."

"எழுது நர்சம்மா, எழுது," என்றாள் கோவிந்தம்மா. "என்னால நானூறு வூட்டு கிரைண்டரு போச்சின்னா, அவளுங்கோ என்னையே அதுல போட்டு ஆட்டிடுவாளுங்கோ."

சத்யப்பிரியா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். 'மதிப்பிற்குரிய ஐயா, நான் இன்று காலை 10.30 மணியளவில் கேன்டீனில் தேநீர்ப் பாத்திரத்தைத் தூக்கும்போது எனது கவனக்குறைவால் அது கவிழ்ந்து எனது வலது தொடையில் கொட்டிவிட்டது.' ஆஸ்பத்திரிக்கான சீட்டிலும் அதையே எழுதினாள். கோவிந்தம்மா பேனாவை இறுக்கிப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, பெயரை முழுசாக எழுதினாள். பதினொன்றேகாலுக்குக் கம்பெனி வண்டி அவளையும் சுந்தராம்பாளையும் ஏற்றிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருக்கும் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டது.

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தபோது போன் அடித்தது. சுந்தராம்பாள்.

"பாத்துட்டாங்க சிஸ்டர். சீட்ட படிச்சிட்டு, டீ தானே, சரியாப் பூடும்னு ஒரு ஊசி போட்டு மாத்திர குடுத்து அனுப்பிட்டாங்க. வூட்டுல வுட வண்டியில போயிகினு கீறோம்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆனா இவ அழுவுறா சிஸ்டர்."

"யாரு? கோவிந்தம்மாக்காவா?"

நம்ப முடியவில்லை. போன வருடம் கண்ணாடி கிழித்து உள்ளங்கையில் ஆறு தையல் போட்டபோது, தையல் நேராக வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள் கோவிந்தம்மா.

"எலும்புக்குள்ள கடப்பாறைய வுட்டு நோண்டற மாதிரி கீதாம். மேல பாத்தா ஒண்ணுமே தெரில சிஸ்டர். வெளுத்துதான் கீது."

சத்யப்பிரியா பாத்திரத்தை மூடினாள். மேலே ஒன்றும் தெரியாது, உள்ளே தாங்க முடியாத வலி. இந்த வாக்கியத்தை யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டு நாள் பயிற்சி நடந்தது. அதில், மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம், எல்லோரும் தூங்கி வழிந்த ஒரு வகுப்பு. அவள் எழுந்தாள். நடக்க ஆரம்பித்தவள் கேன்டீனைத் தாண்டும்போது ஓட ஆரம்பித்தாள்.

சக்கரம் கழுவுகிற லைனில் ஆபரேட்டர் தமிழ்வாணன் பேனலுக்கு முன்னால் நின்றிருந்தான்.

"அக்கா தூக்கினது எந்த பக்கெட்டு?"

"கழுவுன தண்ணி சிஸ்டர்."

"என் முகத்த பாத்து சொல்லு தமிழ்வாணா."

அவன் பார்க்கவில்லை. கையுறையைக் கழற்றினான், மறுபடி மாட்டினான். "நாளைக்கு ஆடிட்டு. தெறந்த கேன் ஒண்ணுகூட லைன்ல இருக்கக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. இந்த கேனுக்கு மூடி ஒடஞ்சி போச்சி. அதான் மீதிய பக்கெட்டுல ஊத்தி... நான் லைன வுட்டு நவுர முடியாது சிஸ்டர், கவுண்ட்டு கொறஞ்சா கத்துவாங்க. அக்கா அந்தப் பக்கமா வந்துச்சி. பின்னாடி கொண்டுபோயி வெச்சிடு யக்கான்னேன்."

"எந்த கேன்?"

பம்புக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்ததைக் காட்டினான். லேபிளில் பாதி அரித்துப்போயிருந்தது. மீதிப் பாதியே போதுமானதாக இருந்தது. ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட், நாற்பது சதவீதம்.

தூங்கி வழிந்த அந்த வகுப்பு முழுசும் அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. மற்ற ஆசிட் தோலைச் சுட்டுவிட்டு அங்கேயே நிற்கும். இது நிற்காது. தோலைத் தாண்டி உள்ளே இறங்கி, ரத்தத்தில் இருக்கிற கால்சியத்தைத் தேடித் தேடிப் பிடிக்கும். கால்சியம் குறைந்தால் இதயம் தாளம் தப்பும். அதற்கு மருந்தும் கால்சியம்தான். புண்ணில் தேய்க்கக் களிம்பு, நரம்பில் ஏற்ற ஊசி. ஆனால் எந்த ஆசிட் என்று தெரிந்தால்தான் எந்த டாக்டரும் அதைக் கொடுப்பார். டீ என்று எழுதிய சீட்டைப் பார்த்துக் கால்சியம் ஏற்ற உலகத்தில் ஆள் கிடையாது.

முதலுதவி அறைக்குத் திரும்பி ஓடி அலமாரியைத் திறந்தாள். இரண்டாவது தட்டில், ஆடிட்டில் காட்டுவதற்காக வாங்கிவைத்த கால்சியம் களிம்பு டியூப் இரண்டு, சீல் பிரிக்காமல் இருந்தன. தேதியும் தாண்டவில்லை. காலையில் அந்த அலமாரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் கடிதம் எழுதியிருக்கிறாள்.

டியூப் இரண்டையும் எடுத்துக்கொண்டு டிரைவருக்குப் போன் போட்டாள். டிரைவர் பெயர் மகாராஜா. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

"அண்ணே, வண்டி எங்க இருக்குது?"

"வல்லம் போற ரோட்டுல நிக்கேன் சிஸ்டர். கன்டெய்னர் லாரி ஒண்ணு குறுக்க கெடக்கு."

"திருப்புங்க. அதே ஆஸ்பத்திரிக்குப் போங்க. அது டீ இல்ல, பெரிய ஆசிட்டு. உசுருக்கே ஆபத்து."

போனை ஸ்பீக்கரில் போட்டிருப்பார் போல. கோவிந்தம்மாவின் குரல் குறுக்கே வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே பேசினாள். "யோவ் மகாராஜா, நீ வூட்டுக்கு வுடுய்யா. நர்சம்மா, நீ இப்ப போயி ஆசிட்டுன்னு சொல்லுவ. அவ்ளோ பேரு ஆசையா கீறாளுங்கோ. என் காலு, என் உசுரு. உனுக்கு இன்னா?"

அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று சத்யப்பிரியா யோசித்ததே இல்லை. இதற்கு முன்னால் ஏழு பேர் அதே உரிமையோடுதான் கையெழுத்துப் போட்டார்கள். அவளும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

மகாராஜாதான் பேசினார். "யக்கா, நீங்க என்ன அப்புறமா வையுங்க. சிஸ்டர், திருப்பியாச்சு. கொஞ்சம் வெரசா வாங்க. அந்தம்மாவுக்கு உதடெல்லாம் மரமரங்கு, கைவெரலு இழுக்குங்காவ."

உதடு மரத்துப்போவது கால்சியம் இறங்குவதற்கான அடையாளம். சத்யப்பிரியா ஆஸ்பத்திரிக்கும் போன் செய்தாள். டாக்டர் ரவுண்ட்ஸில் இருக்கிறார் என்றார்கள். எடுத்த நர்ஸிடம் ஆசிட்டின் பெயரை இரண்டு தரம் எழுத்துக் கூட்டிச் சொன்னாள். அந்தப் பெண் குழம்பிப்போய், "எங்க ஃபைல்ல டீன்னுதாங்க இருக்குது" என்றாள்.

நேரில் போய்ச் சொன்னால்தான் ஆகும். வண்டிக்கு ரகுபதியைத்தான் கேட்க வேண்டும். அவர் மீட்டிங் ரூமில் மறுநாளைய பூங்கொத்துகளுக்கு மேஜை போட்டுக்கொண்டிருந்தார். அவள் சொன்னதைக் கேட்டு ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு நாள் சிஸ்டர். ஒரே ஒரு நாள். வேற ஏதாவது சொல்லி அந்த மருந்தப் போடவெக்க முடியாதா?"

"எந்தப் பொய்யச் சொன்னா சார் டாக்டர் கால்சியம் ஏத்துவாரு? ஒண்ணு சொல்லுங்க, அதையே சொல்றேன்."

"மேல கேப்பாங்க. காலையில ஒரு கடிதம், மத்தியானம் ஒண்ணான்னு. அவங்களே மனசாரக் கையெழுத்துப் போட்டிருக்காங்க—"

சொல்லிக்கொண்டே வந்தவர் அங்கே நின்றுவிட்டார்.

"சார், நீங்க சட்டம் படிச்சவரு," என்றாள் சத்யப்பிரியா. சண்டைக்காகக் கேட்கவில்லை. கோவிந்தம்மாவுக்குச் சொல்ல முடியாத பதில் அவளுக்குத் தேவைப்பட்டது. "ஒருத்தரு தன் உசுர எழுதிக் குடுத்துட்டா, அது செல்லுமா?"

ரகுபதி மேஜைமேல் இருந்த வெள்ளைத் துணியைத் தடவிக்கொண்டிருந்தார். "செல்லாது," என்றார். "அரசியல் சட்டம், இருபத்தோராவது பிரிவு. உயிர் வாழும் உரிமைய அந்த ஆளே வேணாம்னு எழுதிக் குடுத்தாலும் செல்லாது. பரீட்சையில இதே கேள்வி வந்துச்சு. ரெண்டு பக்கம் எழுதினேன். பத்துக்கு எட்டு போட்டாங்க." சிரிக்கப் பார்த்தார், வாய் கோணிக்கொண்டது. பாக்கெட்டில் கை விட்டுக் கார் சாவியை எடுத்தார். "வாங்க."

ஒரகடம் சந்திப்பில் கார் ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வளைந்துகொண்டிருந்தன. ரகுபதி அதுவரை எந்த லாரியையும் இடதுபக்கம் ஏறித் தாண்டியவர் இல்லை. அன்று இரண்டைத் தாண்டினார். சத்யப்பிரியா மடியில் டியூப் இரண்டையும் கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோலப் பொத்தி வைத்திருந்தாள்.

அவசரப் பிரிவில் கோவிந்தம்மாவை ஸ்ட்ரெச்சரில் கிடத்தியிருந்தார்கள். முகம் சாம்பலாக இருந்தது. வலது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மணிக்கட்டு உள்பக்கம் மடங்கியிருந்தது. தலைமாட்டில் சுந்தராம்பாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். டூட்டி டாக்டர் இளம்பரிதி கையில் காலையில் வந்த ஃபைல் இருந்தது.

"ஆசிட்டுன்னு போன்ல சொன்னது யாரு?"

"நான்தான் டாக்டர். கம்பெனி நர்ஸ். ஹைட்ரோஃப்ளூரிக், நாற்பது பர்சென்ட். பத்து முப்பதுக்குப் பட்டிருக்குது. பத்து நாப்பத்தஞ்சிலிருந்து பதினஞ்சு நிமிஷம் தண்ணியில கழுவினேன். கால்சியம் களிம்பு போடல. இப்ப கொண்டாந்திருக்கேன்."

"அப்ப இந்தச் சீட்டு? டீன்னு எழுதினது யாரு?"

"அதுவும் நான்தான். பொய்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். சுற்றி நின்றவர்களும் பார்த்தார்கள். "தெரிஞ்சேவா எழுதினீங்க?"

"ஆசிட்டுன்னு தெரியாது டாக்டர்." கொஞ்சம் நிறுத்தினாள். "டீ இல்லன்னு தெரியும்."

பின்னால் நின்ற ரகுபதி ஏதோ சொல்ல வாயெடுத்தார். டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். "பஞ்சாயத்தெல்லாம் அப்புறம். மானிட்டர் போடுங்க. கால்சியம் குளுக்கோனேட் எவ்வளவு இருக்கோ எடுத்துட்டு வாங்க. இல்லன்னா ஃபார்மசிக்கு ஓடுங்க. சிஸ்டர், நீங்க கையுறை போட்டுட்டு அந்தக் களிம்பத் தேய்ங்க. விடாம தேய்க்கணும்."

அவள் தேய்த்தாள். பழைய களிம்பைக் கழுவித் துடைத்துவிட்டு, அந்த வெளுத்த தோலில் டியூபைப் பிதுக்கிப் பிதுக்கித் தேய்த்தாள். கோவிந்தம்மா ஒவ்வொரு தேய்ப்புக்கும் உடம்பை வில்லாக வளைத்தாள். "கொல்றியேடி," என்றாள். "பாவி, வுடுடி." மரத்துப்போகிற ஊசி போடக்கூடாதா என்று சுந்தராம்பாள் அழுதுகொண்டே கேட்டாள். டாக்டர் மறுத்தார். வலி குறைகிறதா என்பதை வைத்துத்தான் மருந்து உள்ளே போய்ச் சேர்ந்ததா என்று தெரியுமாம். வலியை மறைத்துவிட்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு வைத்தியம் பார்ப்பதுபோலாகுமாம்.

முதல் ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போதே மானிட்டரில் ஓடிய பச்சைக் கோடு நாலைந்து தரம் தாறுமாறாகத் துள்ளியது. மெஷின் கத்தியது. டாக்டரும் இன்னொரு நர்ஸும் ஒரே சமயத்தில் குனிந்தார்கள். சத்யப்பிரியாவின் கை நிற்கவில்லை. நின்றால் அந்தக் கோடும் நின்றுவிடும் என்று எண்ணியவள்போல, மானிட்டரைப் பார்க்காமல், தொடையை மட்டும் பார்த்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். 'எனது கவனக்குறைவால்' என்று காலையில் அவள் எழுதிய வார்த்தை மண்டைக்குள் திரும்பத் திரும்ப ஓடியது. யாருடைய கவனக்குறைவு?

இரண்டாவது ஊசி ஏறியது. மெஷின் கத்துவது நின்றது. கோடு கொஞ்சம் தடுமாறி, அப்புறம் ஒழுங்காக நடக்க ஆரம்பித்தது. டாக்டர் நெற்றியைத் தோள்பட்டையில் துடைத்துக்கொண்டார். "இன்னும் ரெண்டு நாளைக்கு நிச்சயம் சொல்ல முடியாது," என்றார். "ஆனா வீட்டுக்குப் போயி ஒரு மணி நேரம் படுத்திருந்தாங்கன்னா, சொல்றதுக்கே ஒண்ணும் இருந்திருக்காது."

இரண்டே காலுக்குக் கோவிந்தம்மாவின் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. கண்ணைத் திறந்து சத்யப்பிரியாவைத் தேடினாள்.

"நர்சம்மா. கடப்பாறைய எவனோ பாதி உருவிட்டான்."

சத்யப்பிரியா அப்போதுதான் அழுதாள். கையுறை போட்ட கையால் கண்ணைத் துடைக்க முடியாமல் முகத்தைத் தோளில் தேய்த்துக்கொண்டாள்.

"அழுவாத. அழுது இன்னா பண்ணுவ? சொல்லிட்ட இல்ல?" கோவிந்தம்மாவுக்குக் கோபம் திரும்பி வந்திருந்தது. அதைப் பார்க்கவே சுந்தராம்பாளுக்கு மூச்சு வந்தது. "இனிமே நான் எப்டி அவளுங்கோ மூஞ்சில முழிப்பேன்? 'ஒருத்தி தொடைக்காக ஊரு கிரைண்டரு போச்சு'ம்பாளுங்கோ."

"சொல்லட்டும்டி," என்றாள் சுந்தராம்பாள். "செத்துப்போயிருந்தா அவளுங்களுக்கு கிரைண்டரும் கெடச்சிருக்கும், உன் காரியத்துக்கு அதுலயே வடைக்கும் அரச்சிருப்பாளுங்க. வாய மூடிகினு படு."

கோவிந்தம்மாவுக்குச் சிரிப்பு வந்து, சிரித்தால் கால் வலித்து, இரண்டும் கலந்து ஒரு சத்தம் வந்தது.

டாக்டர் இளம்பரிதி ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டை எடுத்துவரச் சொன்னார். நடந்ததை நடந்தபடி ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், பதிவேட்டில் ஏற்றி போலீசுக்கும் தகவல் போகும் என்றார். ரகுபதி தலையை ஆட்டினார். மறுக்கவில்லை. சத்யப்பிரியா கையைக் கழுவிக்கொண்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள்.

"நான் கையெழுத்து போட மாட்டேன்," என்றாள் கோவிந்தம்மா. "முன்னாடியே சொல்லிட்டேன்."

"வேணாம் யக்கா. இது நான் எழுதற கடிதம். என் கையெழுத்து போதும்."

கோவிந்தம்மா அந்தத் தாளை எட்டிப் பார்த்தாள். பிறகு, "எழுதினத படி, கேப்போம்," என்றாள்.

சத்யப்பிரியா படித்தாள். காலை பத்து முப்பது, சக்கரம் கழுவும் லைன், மூடி உடைந்த கேன், பக்கெட்டில் ஊற்றிய ஆசிட், தூக்கச் சொன்னது, தளும்பியது, டீ என்று எழுதியது, எழுதச் சொன்னது, அதை எழுதியவர் பெயர்.

"முழு பக்கெட்டு இல்ல. அரை பக்கெட்டு," என்று திருத்தினாள் கோவிந்தம்மா. "அதயும் நான் எங்க கொண்டுபோயி வெச்சேன்? பட்டவொடனே பாதி வழியில கீழ வெச்சிட்டு ஓடியாந்தேன்." பேசிக்கொண்டே வந்தவள் தலையைத் தூக்கினாள். "நர்சம்மா. அந்த பக்கெட்ட யாரு எடுத்தா?"

சத்யப்பிரியாவின் பேனா நின்றது. கேனைப் பார்த்தாள், லேபிளைப் பார்த்தாள், ஓடினாள். பக்கெட்டைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ரெண்டு மணி ஷிப்ட்டுக்கு பாப்பம்மாள் வருவா," என்றாள் கோவிந்தம்மா. எழுந்து உட்காரப் பார்த்தாள். மானிட்டர் ஒயர் இழுத்தது. "மொதல்ல அந்த எடத்ததான் தொடைப்பா. தண்ணின்னு நெனச்சி மாப்ப அதுல முக்குவா. ஷூவ ஓரமா கழட்டி வெச்சிட்டு வெறுங்கால்ல தொடைக்கிறவ அவ!"

மணி இரண்டரை. லைனுக்குள் போன் எடுத்துப் போகக் கூடாது. தமிழ்வாணனைக் கூப்பிட வழியில்லை. ரகுபதி தன் போனை எடுத்தார். அவசரத்தில் முதல் தரம் தப்பாக அழுத்தினார். இரண்டாம் தரம் செக்யூரிட்டி கேட் எடுத்தது.

"ரகுபதி பேசறேன். ஒரு ஆள ஓடவிடு. கழுவுற லைன்ல பக்கெட் இருக்கு, யாரும் தொடக்கூடாது. பாப்பம்மாள அந்தப் பக்கம் விடாதே. லைன நிறுத்து... ஆமா, நிறுத்து. நான்தான் சொல்றேன்."

அவர் குரல் அந்த அளவுக்கு உயர்ந்து சுந்தராம்பாள் கேட்டதில்லை. அந்தப் பக்கத்தில் காலடி ஓடுகிற சத்தம். கொஞ்சம் கழித்து கேட்டில் இருந்தவன் என்னமோ கேட்டான். ரகுபதி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"ரிஜிஸ்டர்லயா? விபத்துன்னு எழுது. ஆசிட் விபத்து, காலையில பத்தரை மணி. சொன்னது யாருன்ற எடத்துல என் பேரப் போடு."

"அதெல்லாம் பொறுமையா எழுதட்டும் சார்," என்றாள் கோவிந்தம்மா. முழங்கையை ஊன்றிப் பாதி எழுந்திருந்தாள். "பாப்பம்மா நவுந்துட்டாளான்னு கேளு மொதல்ல."

ரகுபதி கேட்டார். பதில் வரும்வரை மற்ற மூன்று பேரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மாப்ப எடுத்துட்டு வந்துட்டாங்களாம்," என்றார். "பத்தடி தூரத்துல பிடிச்சு நிறுத்திட்டாங்க."

"நின்னுட்டாளா?"

"நின்னுட்டாங்க."

கோவிந்தம்மா முழங்கையைத் தளர்த்திப் படுத்துக்கொண்டாள்.